இளநீர் கிடைக்கும் தீவு

போன வாரம், படகில் வேலை பார்க்கிற உங்களில் ஒருவன் போன் செய்தான். "மாமா, ஓனரு மூணு தீவு சொல்றாரு. எதுக்குப் போலாம்னு நாளைக்குள்ள சொல்லணுமாம். நெட்ல பாத்தா மூணுக்குமே ஸ்டார் ஜாஸ்தியாத்தான் போட்டிருக்காங்க."

"யாரு யாரு வர்றாங்க?" என்று கேட்டேன்.

"ஓனரு ஃபேமிலி."

"ஃபேமிலின்னா? வயசானவங்க இருக்காங்களா, கைக்குழந்தை இருக்குதா, யாருக்காச்சும் உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் கேக்கல மாமா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்காமல் எதற்குடா கேப்டன் என்று சட்டையில் நாலு கோடு குத்திக்கொண்டிருக்கிறாய் என்று திட்டிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. அவன் செய்தது நான் செய்ததுதான். அவனுக்காவது நாளை வரை நேரம் இருந்தது. எனக்குக் கையில் ஒரு மாதம் இருந்தும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக இதில் ஒன்றிரண்டுதான் வரும். மீதி எல்லாம் நான் சறுக்கிய கதைதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது கடலூர் முதுநகரில் ஓய்வாக இருக்கிறேன். பிறந்தது புவனகிரிப் பக்கம், நெல் போடுகிற குடும்பத்தில். எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் வீராணம் வாய்க்கால் தண்ணீர்தான். கடலை மாசி மகத்துக்கு மட்டும் போய்ப் பார்ப்போம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பி, பணக்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் மோட்டார் படகுகளில், நம் பையன்கள் யாட் என்று சொல்வதில், இருபது வருடத்துக்கு மேல் கேப்டனாக இருந்தேன். ஊரில் கேட்பவர்கள், சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி வேலை மேசையில்தான் நடக்கும். முதலாளி ஒரு போட்டோவைக் காட்டி இங்கே போகலாமா என்பார். அந்தத் தீவில் நங்கூரம் பிடிக்குமா, எந்தக் காற்றுக்கு மறைவு இருக்கும், எண்ணெய் போதுமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று நாம் எடைபோட்டுச் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த எடைபோடும் வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் என் முதல் கேப்டன். பெயர் வேண்டாம். தன் பெயரை யார் எங்கே சொன்னாலும் முகம் சுளிக்கிற ஆள் அவர். முதல் தடவை என்னை ஒரு தீவுக்குத் தாள் தயார் செய்யச் சொன்னார். ராத்திரி பகல் பார்க்காமல் ஆழம், மறைவு, எண்ணெய், தண்ணீர் என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "போறதுக்கு எழுதிட்டே. திரும்புறதுக்கு யாரு வந்து எழுதுவா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து என் தாளில் கடைசிக் கட்டம் திரும்பும் வழி. ஒரு வழி இருந்தால் பாதி மதிப்பெண், இரண்டு வழி இருந்தால் முழு மதிப்பெண். இதைப் படிக்கும் நீங்களும் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நான் கடைசியாக வேலை பார்த்த முதலாளி தனபால் சார். காடாம்புலியூர் முந்திரிக் குடும்பம். மலேசியாவில் முப்பது வருடம் வியாபாரம் செய்துவிட்டு, மனைவி சிவகாமி அம்மா ஆசைப்பட்டார் என்பதற்காகச் சிதம்பரம் கீழ வீதியில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். படகு மட்டும் அங்கேயே ஒரு துறைமுகத்தில் நின்றது. நான் அங்கேயும் இங்கேயுமாக இருந்தேன். படகு வாங்கின மறு வருடமே அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். மூன்று வருடமாக வீடு, ஆஸ்பத்திரி, கோயில், இவ்வளவுதான் அவருக்கு. அவர் பெயரையே வைத்து வாங்கின படகில் அவர் ஒரு தடவை கூட ஏறியதில்லை.

அந்த வருடம் கடல் பயணத்துக்கு டாக்டர் சம்மதித்தார். துறைமுக ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினிலிருந்து இறங்கினால் அடுத்தது திங்கட்கிழமைதான். நடுவில் இருக்கிற அந்தச் சனி, ஞாயிறுக்குள் ஒரு தீவுக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டும், கூடவே ஒரு நர்ஸ் வர வேண்டும். "ஆருத்ரா தரிசனம் பாத்துட்டுதான் வருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டதால் பயணம் தை மாதம் என்று முடிவானது.

தரிசனத்துக்கு மறுநாள் என் தாள்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். தேர் நிலைக்கு வந்து இரண்டு நாள் ஆகியும் கீழ வீதியில் நடக்க இடமில்லை. வீட்டில் களியும் ஏழுகறிக் கூட்டும் வைத்தார்கள். அம்மா பரிமாறினார், அவர் சாப்பிடவில்லை. அந்தக் கிழங்கு எதுவும் அவருக்கு ஆகாது. எனக்கு டம்ளர் வழியக் காபி கொடுத்துவிட்டு, தனக்கென்று அளந்து வைத்திருந்த தண்ணீரிலிருந்து ஒரு மடக்கு வாயில் ஊற்றி, அதை உடனே விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. தண்ணீர்க் கணக்கை நான் குறித்துக்கொண்டேன். அவருடைய நோயில் நான் குறித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

மேசையில் மூன்று தீவு விரித்தேன். முதல் தீவு சார் பார்த்து மயங்கியது. நடுவில் பச்சைக் கண்ணாடி மாதிரி நீர், சுற்றிப் பாறை. இரண்டாவதில் பெரிய ஓட்டல், கூட்டம், சின்ன மருத்துவமனை. மூன்றாவது முப்பது வீடு இருக்கிற மீனவர் தீவு. அதன் பெயரும் வேண்டாம்.

"மொதத் தீவுக்கே போயிடலாம் கேப்டன். ஒரு தடவ போறோம், நல்லதா பாத்துட்டு வரட்டும்" என்றார் சார்.

"அதுக்கு உள்ள போக வெளிய வர ஒரே வாசல்தான் சார். தை மாசத்துல வாடை ஏறிச்சுன்னா அந்த வாசல் மூடிக்கும். மூணாவதுக்கு ரெண்டு வழி இருக்குது. நேரா வந்தா மூணு மணி நேரம். வாடை அடிச்சா தீவுங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு அஞ்சரை மணி நேரத்துல வந்துடலாம்."

அவருக்கு மனசு வரவில்லை. வாதாடினார். நானும் விடவில்லை. நடுவில் அவர் போன் அடித்தது. அந்த மனிதர் போனைக் கையிலிருந்து இறக்கி நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

நான் தாளை அம்மா பக்கம் திருப்பினேன். வழி, காற்று எல்லாம் அவருக்கு எதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டு, மனசுக்கு இதமாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். "சின்ன ஊருதாம்மா. ஓட்டல் கீட்டல் கெடையாது. ஆனா தீவு முழுக்கத் தென்னந்தோப்பு. நல்ல இளநி கெடைக்கும்."

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரத்துலேருந்து அப்பவே எறக்குவாங்களா தம்பி?"

"கண்ணு முன்னாடியே எறக்குவாங்கம்மா."

சார் திரும்பி வந்ததும் அம்மா சொன்னார், "அந்த மூணாவதே இருக்கட்டுங்க."

எனக்கு ஒரே பெருமை. என் கட்டத்தின் அருமை சாருக்கே புரியவில்லை, அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று படகில் போய் எல்லோரிடமும் சொன்னேன். எஞ்சின் பார்க்கிற யூசுப்பிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சனிக்கிழமை பயணம் நன்றாகவே போனது. அம்மா மேல்தளத்தில் நாற்காலி போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வருகிற தீவுக்கெல்லாம் பெயர் கேட்டார். எனக்குத் தெரியாத தீவுகளுக்கு நானே பெயர் வைத்துச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தார். வாந்தி எடுத்ததெல்லாம் நர்ஸ் செல்விதான். வடலூர்க்காரப் பெண், பத்து வருட அனுபவம், ஆனால் கடல் அதற்குப் புதிது. பாவம், முகம் வெளிறிப்போய்ப் படுத்திருந்தது. படுத்துக்கொண்டே அம்மாவுக்கு மாத்திரை நேரம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சார் சிக்னல் தேடித் தீவு மேட்டின் மேல் ஏறிவிட்டார். செல்வி படகில் தூங்கியது. அம்மா கரைக்குப் போக வேண்டும் என்றார். சின்னப் படகில் அழைத்துப்போய் இறக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு நீரில் நின்று தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே மரத்திலிருந்து ஒரு குலை இறக்கி, ஒன்றைச் சீவி என் கையில் கொடுத்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரைப் பார்க்கப் போனாலும் கையில் என்ன கொண்டுபோவோம்? கடலூரில் ஆஸ்பத்திரி வாசலில் என்ன குவித்து வைத்திருக்கிறார்கள்? காய்ச்சலா, இளநீர். ஆபரேஷனா, இளநீர். நீர்க்கடுப்பா, கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அதைத் தின்பண்டத்தில் சேர்த்ததே இல்லை, மருந்தில்தான் சேர்ப்போம். அம்மாவுக்கு ஆகாததையெல்லாம் எழுதிச் செல்வி படகின் சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கேப்டன் எதற்குச் சமையல் பட்டியல் படிக்க வேண்டும்? நான் படிக்கவில்லை. தண்ணீர்க் கணக்கு ஞாபகம் இருந்தது. ஒரு இளநீர் என்ன பெரிய தண்ணீர் என்று நினைத்தேன். உடம்புக்கு முடியாதவருக்கு நல்லது செய்கிற நிறைவோடு இரண்டு கையாலும் நீட்டினேன்.

அம்மா வாங்கிக்கொண்டு, சார் ஏறிப்போன மேட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாயில் வைத்தவர் எடுக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை அண்ணாந்து குடித்தார். கண்ணில் நீர் நின்றது. வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

"இன்னொன்னு வெட்டச் சொல்லட்டுமாம்மா?"

"போதும் தம்பி. ஒன்னு போதும்."

அவரை நிழலில் உட்கார வைத்துவிட்டு வரும்போது யூசுப் நீந்தியே கரைக்கு வந்துவிட்டான். லால்பேட்டைப் பையன், தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான். மணலில் கிடந்த வெற்று இளநீர்க் கூட்டைப் பார்த்தான்.

"யாரு மாமா குடிச்சது?"

"அம்மாதான்."

அவன் முகம் மாறிவிட்டது. "என்னா மாமா இப்புடிப் பண்ணிட்டீங்க. எங்க அத்தாவுக்கு டயாலிசிஸ் பண்றப்ப இளநிய கண்ணுலயே காட்டக் கூடாதுன்னுட்டாங்க. அதுல இருக்குற உப்பு ரத்தத்துல தங்கிடுமாம். நெஞ்சு அப்புடியே நின்னுடும்னாங்க."

அம்மாவிடம் ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் தம்பி. உக்காருங்க. நீங்க பதறாதீங்க."

"சிஸ்டரக் கூப்புடுறேம்மா."

"வேணாம். அவ சாருகிட்ட சொல்லிடுவா. அவரு இனிமே என்னை வாசப்படி தாண்ட விடமாட்டாரு. மூணு வருசம் கழிச்சு வந்திருக்கேன். இன்னைக்கு ஒரு நாளு என்னை இப்புடியே விட்டுடுங்க. ஒன்னும் ஆவாது." என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

நான் சரி என்று தலையாட்டினேன்.

இளநீர் கொடுத்தது தெரியாமல் செய்தது. தலையாட்டியது தெரிந்து செய்தது. யூசுப்பையும் வாயைத் திறக்காதே என்று சொன்னேன். அவன் என்னை முறைத்தான், ஆனால் மரியாதைக்குக் கட்டுப்பட்டான். அம்மாவையும் அவனையும் படகில் ஏற்றிவிட்டு, நங்கூரச் சங்கிலியைச் சரிபார்க்கிறவன் போல முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவின் ஆசைக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கேப்டனே கொடுத்தான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்கிற பயம். ஐம்பத்தாறு வயதில் அந்தப் பயம்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். காலையிலிருந்தே வாடை அடித்துக்கொண்டிருந்தது. நேர்வழியில் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு திறந்த கால்வாய் உண்டு. பதினொரு மணிக்கு அதில் நீரோட்டம் திரும்பும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் அலை சுவர் மாதிரி எழும்பும். அதற்கு முன்னால் கிளம்பினால் மூன்று மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பத்தேகால், பத்தரை, பத்தே முக்கால். ஒவ்வொரு தடவையும் எழுந்து, ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன்.

பதினொன்று தாண்டியதும் அம்மாவே கூப்பிட்டார். "தம்பி, வெரலு மரத்த மாதிரி இருக்கு. உதட்டோரமும் ஒரு மாதிரி இருக்கு. உக்காந்த வாக்குல இருந்ததாலதான் இருக்கும், இல்ல?"

கேட்கும்போது அவர் குரலில் பயம் வந்திருந்தது. நேராகப் போய்ச் செல்வியை எழுப்பிச் சொன்னேன். மேட்டிலிருந்து இறங்கி, யூசுப் அப்போதுதான் படகுக்கு ஏற்றி வந்திருந்த சாரிடமும் சொன்னேன். அவர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"எப்ப குடுத்தீங்க?"

"பத்து மணிக்கு சார். பத்து நிமிசத்துல தெரிஞ்சிடுச்சு."

"அந்த ஒரு மணி நேரம் என்னா பண்ணீங்க கேப்டன்?"

செல்வி அதற்குள் எழுந்துவிட்டது. வாந்தி, மயக்கம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. அந்த உப்பைப் பிடித்து வைக்கிற ஒரு பொடியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரைத்துக் கொடுத்தது, நாடியைப் பிடித்தது, படகின் சாட்டிலைட் போனில் ஆஸ்பத்திரியைப் பிடித்து மெஷினைத் தயாராக வைக்கச் சொன்னது. யூசுப் எஞ்சினைக் கிளப்பிவிட்டான். நங்கூரம் மேலே வந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் திருப்புவது என்பது மட்டும்தான் பாக்கி.

முனையைத் தாண்டியதும் கால்வாய் தெரிந்தது. முழுக்க வெள்ளை நுரை. சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "நேரா வுடுங்க."

எனக்கும் அதுதான் ஆசை. செய்த தப்புக்கு வேகமாகப் போய்ப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம் என்று கை துடித்தது. அந்த நேரத்தில் நான் சுக்கானை விட்டுவிட்டு, இரண்டு வழியின் நேரத்தையும் சொல்லிச் செல்வியைக் கேட்டேன். அன்று முழுவதும் நான் உருப்படியாகச் செய்த காரியம் அந்த ஒரு கேள்விதான். "சிஸ்டர், உங்களுக்கு என்னா வேணும்?"

செல்வி யோசிக்கவே இல்லை. "அவுங்க அசையாம இருக்கணும் சார். நாடி என் கையில இருந்துகிட்டே இருக்கணும். ஏதாச்சும் மாறுச்சுன்னா ஊசி போடணும். ஆடுற படகுல என்னால முடியாது. ரெண்டரை மணி நேரம் ஜாஸ்தியானா பரவால்ல, பொடி கொஞ்சம் தாங்கும்."

"சார், நீளமான வழியிலதான் போறோம்" என்றேன்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அந்த வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா சிஸ்டர் பாத்துக்கும். இந்த வழியில ஆச்சுன்னா யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது சார்."

என்னை நம்புவதற்கு அன்று அவருக்கு ஒரு காரணமும் இல்லை. செல்வியின் முகத்தைப் பார்த்தார், தலையசைத்தார், உள்ளே போனார். நான் தாளில் ஒரு மாதத்துக்கு முன்பே கோடு போட்டு வைத்திருந்த இரண்டாவது வழியில் படகைத் திருப்பினேன். தீவுகளின் பின்புறம் நுழைந்ததும் காற்று நின்றுவிட்டது. தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது.

கூடத்துத் தரையில் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்ததால் சுக்கானிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. செல்வி சாரிடம், "அவுங்க தூங்கிடக் கூடாது சார், எனக்கு அவுங்க குரல் கேட்டுகிட்டே இருக்கணும். பேச்சுக் குடுங்க" என்றது. வழியில் சிக்னல் வந்து சாரின் போன் அடித்தது. அதை அணைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முதலில் ஆஸ்பத்திரி பற்றிப் பேசினார். மாத்திரை பற்றிப் பேசினார். பதினைந்து நிமிடத்தில் அது தீர்ந்துவிட்டது. "பேசுங்க சார்" என்று செல்வி அதட்டியது. அவர் என்ன பேசுவது என்று தெரியாமல் தடுமாறி, பெண் பார்க்க வந்த கதையை எடுத்தார். காடாம்புலியூரிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். பலாப்பால் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டதாம்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு வெள்ளச் சட்ட பூராக் கறை."

"வெள்ள இல்ல. சந்தனக் கலரு" என்றது அம்மாவின் குரல்.

"வெள்ளதான் சிவகாமி."

"சந்தனக் கலரு. நாந்தான அப்புறம் தேங்கா எண்ணெ போட்டுத் தேச்சேன். இன்னைக்கு வரைக்கும் போவல."

மூன்று வருடமாக அந்த வீட்டில் பலாப்பழம் நுழைந்ததில்லை. அம்மாவுக்கு ஆகாதது தனக்கும் வேண்டாம் என்று சார் நிறுத்திவிட்டார். பேச்சு அதிலிருந்து எங்கெங்கோ போனது. சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். ஒரு இடத்தில் சார் அழுதார். "என்னைக் கேட்டிருந்தா என்னா சிவகாமி" என்றார். அதற்கு அம்மா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் முன்னால் தெரிந்த தண்ணீரை மட்டும் பார்த்து ஓட்டினேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் துறைமுகம். வண்டி தயாராக நின்றது. அன்று சாயங்காலமே மெஷினில் போட்டு, மறுநாள் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். அம்மாவே ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. நீங்க குடுக்கலன்னா நானே அந்தப் பெரியவருகிட்ட கை நீட்டியிருப்பேன். இளநி கெடைக்கும்னு நீங்க எங்க வூட்டு மேசையில சொன்னீங்களே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அதுக்காகத்தான் அந்தத் தீவு. உங்க ரெண்டு வழிக்காவ இல்ல." லேசாகச் சிரித்தார். "நெறஞ்ச வாயா குடிச்சு மூணு வருசம் ஆச்சு தம்பி. அளந்து அளந்து குடிச்சு, தண்ணின்னா என்னான்னே மறந்து போச்சு."

என் கட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஆழம், மறைவு, எண்ணெய், ஆஸ்பத்திரி, திரும்பும் வழி. தீவைப் பற்றி நான் கேட்காத கேள்வி இல்லை. யாருக்காக அந்தப் பயணமோ அவரிடம், உங்களுக்கு என்ன ஆசை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வராந்தாவில் செல்வி என்னை வாங்கு வாங்கென்று வாங்கியது. "அவுங்களுக்கு இளநி ஆசைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா டாக்டருகிட்ட கேட்டிருப்பேன் சார். மெஷின்ல உக்காந்த மொத ஒரு மணி நேரத்துல கொஞ்சமா குடுக்க வுடுவாங்க. எத்தினி பேருக்கு நானே குடுத்திருக்கேன்." இதைப் படித்துவிட்டு நீங்களாக யாருக்கும் எதையும் நீட்டிவிடாதீர்கள், அது டாக்டர் சொல்லி, அவர்கள் கண்ணெதிரே நடக்க வேண்டிய காரியம்.

சாரிடம் வேலையை விட்டுப் போகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். அவர் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"இளநி குடுத்தது தெரியாம நடந்தது. அதை நான் மறந்துடுறேன். அந்த ஒரு மணி நேரத்த நான் மறக்கப் போறதில்ல. நீங்களும் மறக்கக் கூடாது. போயிட்டீங்கன்னா மறந்துடுவீங்க. இங்கியே இருங்க."

இருந்தேன். அதற்குப் பிறகு எந்தத் தப்பு நடந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். உங்கள் முதலாளிகளில் சிலருக்கு அது பிடிக்காது. பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். நீரோட்டம் திரும்புவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு, சிதம்பரத்தில் டாக்டர் சம்மதத்தோடு, மாதத்தில் ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு அரை டம்ளர் இளநீர் கிடைத்தது. அதைச் சார்தான் கொண்டுபோவார். பலா சீசனில் ஒரே ஒரு சுளை. அன்றைக்கு அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார் என்று டிரைவர் சொன்னார்.

இனி அம்மாவைச் சார் கடல் பக்கமே விட மாட்டார், அம்மா பயந்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த மார்கழியில் சார் கூப்பிட்டார். "கேப்டன், தாள எடுத்துகிட்டு வாங்க."

அதே மேசை, அதே களி. இந்தத் தடவை தாளில் முதல் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். மேலே 'வருகிறவருக்கு என்ன வேண்டும்?' என்று எழுதியிருந்தேன். பென்சிலை அம்மா பக்கம் நகர்த்தினேன்.

"அம்மா, இந்தத் தடவ நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல. உங்களுக்கு என்னா ஆசையோ அதை எழுதுங்க. அதுக்கப்பறம் தீவு தேடுறேன்."

"இளநின்னு எழுதுனா?" என்றார்.

"எழுதுங்க. சிஸ்டர்கிட்ட காட்டிட்டு வந்து பதில் சொல்றேன்."

சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். சாரின் போன் மேசையில் கிடந்து அடித்தது. அவர் அதைக் குப்புறத் திருப்பி வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். கோயில் சீட்டு எழுதுவது மாதிரி நிதானமாக, பெரிய பெரிய எழுத்தில் எழுதித் தாளைச் சார் பக்கம் தள்ளினார்.

திரும்பி வரும்போது அந்த நீளமான வழி.

சார் அதைப் படித்தார். எந்தத் தீவு என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.